மட்டம் பார்த்த நாள்

கீரிமலையில் இறங்கியதும் மருதவீரன் கேட்டது:
"மலை எங்கிட்டு இருக்குங்க, மிஸ்?"
கடலுக்கு முதுகு காட்டி
தெற்கே கை நீட்டினேன்.
பனைகள். கூரையில்லாத ஒரு பள்ளிக்கூடம்.
எருக்கலை மண்டிய ஒழுங்கை.
அப்புத்தளையில் பிறந்தவன்,
மேகத்துக்கு மேலே நின்று பல் துலக்கியவன்,
சிரித்த சிரிப்பில் அளவுகோல் ஆடியது.
"ஆட்டாதேயும்" என்றேன், "வாசிக்க வேணும்."

இங்கே ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது.
சைக்கிள் மிதிக்கிற முழங்காலுக்குத் தெரியும்.
மாரி வெள்ளத்துக்குத் தெரியும்:
தெல்லிப்பழைப் பக்கம் விழுந்த மழை
தயங்கித் தயங்கி
கந்தரோடை வயலில் இளைப்பாறி
அராலியில் கடலைத் தொடும்.
வழுக்கையாறு என்று அதற்குப் பேர்.
கார்த்திகையில் ஆறு,
சித்திரையில் மாடு மேயும் தரை.
மிச்ச மழையைக் கல் குடித்துவிடும்.
இருட்டுக்குள்ளே
கிணறும் கிணறும் கதைத்துக்கொண்டிருக்கும்.

பதினொரு மணிக்குக் குழிக்கு வந்தோம்.
சீமெந்துக்குக் கல் கிண்டிய குழி.
அடியில் பச்சைத் தண்ணீர்,
விளிம்பில் வேரைத் தொங்கவிட்ட பூவரசு.
அன்னப்பாக்கியம் காத்து நின்றா,
சொப்பின் பைக்குள் உறுதியோடு.
"மேட்டுவளவு. பரப்பு நாலு, குழி ஏழு"
வாசித்துக் காட்டினா.
"நாலு பரப்பும் இப்ப குழிதான், பிள்ளை.
எல்லைக்கல்லை எங்கை நடப்போறியள்?"

அவவின் கிணற்றடி இருந்த உயரத்தில்
ஒரு மீன்கொத்தி பறந்து போனது.

மருதவீரன் கோலோடு கீழே இறங்கினான்.
வாசித்தேன். கழித்தேன்.
சைபருக்குக் கீழே.
மறுபடி கழித்தேன்.

ஏறி வந்தவன் சிரிக்கவில்லை.
"சின்னப்புள்ளயில எங்க லயத்துக்கு
சீமெந்து மூட்டை வந்துச்சுங்க, ரயில்ல.
அந்தக் காகிதத்துலதான் புஸ்தகத்துக்கு அட்டை போட்டேன்.
காங்கேசன்துறைன்னு எழுதியிருக்கும்.
எழுத்துக்கூட்டிப் படிச்ச மொத ஊரு.
சாமி பேருன்னு நெனச்சேன்."

அன்னப்பாக்கியம் கணக்குப் பார்த்தா.
எந்த வருசம் என்று கேட்டா.
விரலை மடக்கினா, விரித்தா.
"அப்ப அது என்ரை காணியில்லை, தம்பி.
என்ரையைக் கிண்டினது பிறகு,
நாங்கள் ஆரும் இங்கை இல்லாத காலத்திலை.
உங்கடை வீட்டிலை கிடக்கிறது
பக்கத்து வளவு மார்க்கண்டு வாத்தியாற்றை."

அவன் தலையாட்டினான்,
ஆளைத் தெரிந்தவன் மாதிரி.

"நிலம் இன்னும் வெடிக்கேல்லையோ?"
"ஒரு ஓரமா வெடிச்சிருக்குங்கம்மா.
அடுப்புப் பக்கம்."

"ம்" என்றா. "அவர் ஒரு கோபக்காரன்."
உறுதியை நாலாய் மடித்தா.

நான் குனிந்து
மட்டக்குமிழை நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன்.
அது அன்று
இடப்பக்கமே நின்றது.