மூன்று மணி இல்லாத கடை

லெபோ சூலியாவில் காசு மாற்றும் கடை.
முகைதீன் கனி ராவுத்தர் என்னிடம் நீட்டியது
ஒரு சாவிக்கொத்து, ஒரு சந்தேகம்.
"கேமரா பொட்டி தெனமும் மூணு மணிக்குச் சாவுது.
நாலரைக்கு அதுவா உசுரு வருது.
நடுவுல யாரோ கை வைக்கிறாங்க."
யாரோ என்றபோது
அவர் பார்க்காமல் பார்த்தது தர்வினை.
ரிங்கிட் கட்டுக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டு
அவனும் எங்களைப் பார்க்காமல் இருந்தான்.

அலமாரிக்கு மூன்று பூட்டு.
திறந்ததும் முகத்தில் அடித்தது
பகல் முழுக்க வெயிலில் நின்ற வேனின் மூச்சு.
உள்ளே ரெக்கார்டர்,
அதன் தலைமேல் மோடம்,
மோடத்தின் தலைமேல் நான்கு வருட ரசீதுப் புத்தகங்கள்.
கதவு விளிம்பெல்லாம் ஸ்பாஞ்சு நாடா,
தூசி வரக் கூடாதாம்.
விசிறி எப்போதோ நின்றுவிட்டது,
இறக்கைகளுக்கு நடுவே
காகிதமாய்க் காய்ந்த பல்லிக் குஞ்சு.

மூன்று மணிக்கு வெயில் பின்சுவரில் சாய்கிறது.
இதற்குமேல் தாங்காது என்று
பெட்டி தன்னையே அணைத்துக்கொள்கிறது.
நாலரைக்கு மழை.
கை வைத்தது யாரென்று
நான் சொல்லவில்லை,
கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

புது விசிறி போடலாமே என்றார்.
போடலாம்,
அடுத்த பல்லி வரும்வரை ஓடும்.
சூடான காற்றைத் தள்ளிவிட ஆள் வேண்டாம்,
எடை குறைந்ததும் தானாக எழுந்துகொள்ளும்.
எழுந்தது வெளியே போக மேலே ஒரு வழி,
போன இடத்தை நிரப்பக் கீழே ஒரு வழி.
"ஒண்ணு போதாதா? மரம் நல்ல மரம்."
பால் டின்னில் ஒற்றை ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், என்றேன்.
முக்குக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரிடம் கேளுங்கள்.
அப்போதுதான் சிரித்தார்.

வட்ட ரம்பம் கத்த,
நோட்டு எண்ணும் மெஷின்மேல் மரத்தூள்.
முன்னால், தரையை ஒட்டி நான்கு துளை.
பின்னால், உச்சியில் ஐந்து.
மேலே எப்போதும் கொஞ்சம் தாராளம் வேண்டும்,
சூடேறினால் காற்றும் உப்பும்.
பல்லிகளுக்கு மரியாதையாகக் கம்பி வலை.
மோடத்தைத் தனிக்குடித்தனம் வைத்தேன்.
ரெக்கார்டருக்கு நான்கு தண்ணீர்ப் போத்தல் மூடிகள், கால்களாக.
ரசீதுகளை ராவுத்தர் மடியில் வாங்கிக்கொண்டார்.

பக்கத்துக் கடை ஆ லெங்,
சாமிக்கு வைத்திருந்ததில் ஒரு ஊதுவத்தி இரவல் தந்தாள்.
கதவைப் பூட்டி, கீழ்த்துளைக்கு எதிரே பிடித்தேன்.
புகை நேராக நின்றது.
யோசித்தது.
பிறகு இடுப்பை வளைத்து உள்ளே போனது.
மூன்று பேரும் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தோம்,
வெளியே ஒரு சுற்றுலாக்காரர்
இன்றைய டாலர் என்னவென்று கேட்டுக்கொண்டிருக்க.
தர்வின் எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.
"வந்துருச்சு."
அன்று அவன் பேசிய ஒரே சொல்.

திங்கட்கிழமை பணம் வாங்கப் போனேன்.
ஏழு வாரத்துக்குப் பிறகு பதிவான முதல் மூன்று மணியை
ராவுத்தர் ஓட்டிக் காட்டினார்.
ஒரு பூனை வாசலைக் கடக்கிறது.
ராவுத்தர் வாய் திறந்து தூங்குகிறார்,
கன்னத்துக்குக் கீழே கால்குலேட்டர்.
அவர் மூட மறந்த கல்லாவை
தர்வின் முழங்காலால் தள்ளி மூடுகிறான்,
கை இரண்டும் ரப்பர் வளையத்தில்.
அவ்வளவுதான்.
அதை அவர் இரண்டு தடவை ஓட்டினார்.

மன்னிப்பு,
அந்தக் கடையில் மாற்றித் தரும் நாணயங்களின் பலகையில் இல்லை.
மூன்று தே ஓ ஐஸ் சொன்னார்,
ஒன்றை அவனுக்குத் தானே எடுத்துக் கொடுத்தார்.

குடிக்கத் தலையைத் தூக்கினேன்.
கடையின் நடுவே,
கட்டியவர்கள் வானத்துக்கு விட்டிருந்த சதுரம்
நீலப் பிளாஸ்டிக் தகட்டால் மூடிக் கிடந்தது.
ஓரமெல்லாம் சிலிக்கோன்.
அதன் அடியில் மத்தியானம் முழுசும் தங்கியிருந்தது.
அது என் பில்லில் வராது.
கண் போன இடத்துக்கு
ராவுத்தரும் தன் கண்ணை அனுப்பினார்.
"மழை வருமே."

வரும், என்றேன்.