விகுதி

வாசலில் நீல பிளாஸ்டிக் உறை தருகிறார்கள்,
செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ள.
அல்மாத்தியில் மார்ச் மாதம், வெளியே உருகும் பனியும் சேறும்.
உள்ளே பழைய டிராம் பணிமனையின் கழுவிவிட்ட தரை.
சரசரத்தபடி நடக்கிறோம்,
சிலை பார்க்க வந்த மளிகைப் பைகள்.

ஸோயா ஹெகாய்.
அறுபத்து மூன்று வயதில் முதல் தனிக் கண்காட்சி.
அதன் பெயர் விகுதி.

முதல் அறையில் ஒரு குழியின் உட்புறம்.
ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்தக் குளிர்காலத்தில்
மண்ணைத் தோண்டி அதற்குள் குடியிருந்தார்களாம்.
அப்படியொரு குழியைச் சிமென்டால் நிரப்பி,
காய்ந்ததும் மண்ணை உதறி
நிமிர்த்தி வைத்திருக்கிறாள்.
மூச்சு இருந்த இடமெல்லாம் இப்போது கல்.
சுவரில் யாரோ சும்மா விரலால் குடைந்த துளை
இங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது,
விரலாகவே.

அடுத்தது வெண்கலத்தில் ஒரு முட்டைக்கோஸ்.
பக்கத்துத் தட்டில் நிஜக் கேரட், துருவியது,
பூண்டு, மிளகாய், வினிகர், நுணுக்கிய மல்லி விதை.
முட்டைக்கோஸ் கிடைக்காத ஊரில்
கிடைத்ததில் போட்ட ஊறுகாய்.
தினமும் காலையில் புதிதாக வைக்கிறார்கள்,
சாப்பிடலாம் என்று சீட்டு இருக்கிறது.
காவலர் தாஸ்தான் பெக்கோவிச் மூன்றாவது முறையாக
சிலையைச் சரிபார்க்கிறார்.

சியோலிலிருந்து வந்திருக்கும் பாங் அம்மையார்
கொரிய மொழியில் கேட்கிறார்:
இதில் எங்களுடையது எந்தப் பக்கம்?
ஸோயாவுக்குக் கேள்வி புரியவில்லை.
தொலைக்காட்சித் தொடர் பார்த்தே கொரியன் கற்ற
கஸாக் பெண் மெருயெர்த், இருபது வயது,
நடுவில் நின்று ருஷ்யனில் சொல்கிறாள்.
ஸோயாவின் பதிலைத் திருப்பிக் கொடுக்கும்போது
மரியாதை விகுதி ஒன்றுகூடத் தவறவில்லை.
ஸோயா வைக்காத மரியாதையும் சேர்த்து.

பெயரைப் பற்றிக் கேட்கிறார்:
ஹெ என்றால் எங்களுக்குத் தெரியும். காய் எப்படி வந்தது?

அது எழுத்தர் தந்தது.
மேசைக்கு முன் நின்ற யாரோ
'ஹெ குடும்பம்' என்று தன் மொழியில் சொல்ல,
காதில் விழுந்த எல்லாவற்றையும்
பெயராகவே எழுதிவிட்டான்.
நேர்மையான ஆள், ஒரு அசையும் திருடவில்லை.

அந்த அசைதான் கடைசி அறை முழுக்க.
தண்டவாள இரும்பில் மூன்று ருஷ்ய எழுத்துகள்.
முதலாவது, ஒரு கால் இல்லாத கதவு நிலை.
இரண்டாவதன் இடைக்கட்டையில்
யாரோ ஈரக் கையுறையைப் போட்டிருக்கிறார்கள்
(படைப்பில் சேர்ந்ததா என்று கேட்கக் கூச்சம்).
மூன்றாவது எழுத்துக்குத் தலைக்கு மேலே ஒரு சின்ன வளைவு.
அதை மட்டும் எழுத்தில் ஒட்டாமல்
கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள், ஒரு சாண் இடைவெளி.
வெளியே டிராலி பஸ் போனால் அது ஆடுகிறது.

என் மொழியில் காய் என்பது இன்னும் பழுக்காதது.
பலகையில் வேறொருவர் கை நகர்த்துவது.
கொடியில் துணி செய்வது, வானில் நிலா செய்வது.
என் மொழியிலும் அந்தக் கடைசி எழுத்து
தலைமேல் எதையோ சுமந்துதான் வாய் மூடுகிறது,
வளைவு அல்ல, ஒரு புள்ளி.
அதை எடுத்துவிட்டால்
சொல் முடியாமல் தெருவில் நிற்கும்.

இதைச் சொல்லலாமென்று பக்கத்தில் போனேன்.
மெருயெர்த்துக்குத் தொண்டை கட்டியிருந்தது.
பாங் அம்மையார் குறிப்பேட்டில்
ஹெ என்று எழுதி, நிறுத்தி,
யோசித்து, மீதியையும் எழுதினார்.

ஸோயா ஏணி கேட்டாள்.
குறடும் கையுமாக ஏறி
கம்பியை அரைச் சுற்று முறுக்கினாள்.
இன்னும் ஆடுகிறதே, என்றார் தாஸ்தான், வாயில் கேரட்டோடு.
அவள் இறங்கும்போது கவனித்தேன்:
நீல உறை ஒற்றைக் காலில்தான் இருந்தது.
மற்ற கால் ஏணியின் ஒவ்வொரு படியிலும்
சேறு வைத்துக்கொண்டு வந்தது.