அது மைக் இல்லை

வாஷிங்டன் ஒலிவேராவுக்கும் எனக்கும்
ஒரே வேட்பாளர்.
அதுதான் தொல்லை.
எதிரணிக்காரனாய் இருந்தால்
எப்போதோ கதவைச் சாத்தியிருப்பேன்.

பைசாந்துவில் மே மாதம்.
ஆறு பழுப்பாக, அகலமாகப் போகிறது.
கூரையில் ஒலிபெருக்கி கட்டிய கார்
தெருத்தெருவாய் எங்கள் பாட்டைப் போடுகிறது.
கார் அவனுடையது. பாட்டும் அவன் கட்டியது.
பெயருக்கு எதுகை தேடி
எலிடா பிஞ்சாக்கை
என்னவெல்லாமோ ஆக்கிவைத்திருக்கிறான்.

நான் மருந்துக்கடையில் நிற்பவள்.
இரத்த அழுத்தக்காரர்கள் வரிசையில் நிற்க,
கக்கத்தில் சுடுநீர்க் குடுவை,
கையில் மாத்தே நிரம்பிய சுரைக்கோப்பையுடன் வருவான்.
வந்ததும் அழுத்தம் இன்னும் ஏறும்.
"யாருக்குப் போடுகிறாய், மிர்த்தா?"
"எலிடாவுக்கு."
"சரி. ஆனால் உன் காரணம் தப்பு."

என் காரணம் சின்னது.
இரண்டு வருடம் முன் வெள்ளம் வந்து
துறைமுகத் தெருவே
பள்ளிக்கூடத்தில் பாய்விரித்துக் கிடந்தபோது
யாரோ கேட்டார்கள்,
அடுத்த வெள்ளத்துக்கு எங்கே போவது?
எலிடா சொன்னாள்: "தெரியாது."
மூன்றாம் வாரம் ஒரு தாளோடு வந்தாள்,
வீட்டு எண்கள், மேட்டு நிலம், லாரிக் கணக்கு.
அவ்வளவுதான்.

வாஷிங்டனுக்கு அது போதாது.
அவள் வராவிட்டால்
பால் திரியும், பாலம் விழும்.
அவளுக்குப் போடாதவன்
காசு வாங்கியவன், இல்லை கழுதை.
இதைச் சொன்னபோது கழுதைகளில் ஒருவர்
இருமல் மருந்துக்குக் காசை எண்ணிக்கொண்டிருந்தார்,
ரமோன் பிக்கார்டோ.
மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு
எனக்கு மட்டும் தலையசைத்துப் போனார்.
மார்ச் மழையில் என் வீட்டுத் தகரத்தை
ஏணி போட்டு ஏறிக் கட்டியவர்.
தன் கட்சியைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.
சன்னலில் ஒரு கொடி, அதுவும் வெளுத்தது.

அன்றிரவு தூக்கமில்லை.
தவளையைக் கேட்டா
கிணற்று நீரை எடைபோடுவது?
கூடாதுதான்.
ஆனாலும் இவ்வளவு சத்தம் கேட்டபிறகு
வாளியை இறக்கும் கை
கொஞ்சம் நின்றுதான் இறக்குகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
போன ஞாயிறு சாப்பாட்டில்
என் தங்கை கிளாடிஸ்
பாதித் தட்டோடு எழுந்து
அடுப்படிக்குப் போனாள். திரும்பவில்லை.
அப்போது பேசிக்கொண்டிருந்தது நான்.

வாக்குச்சாவடி, அதே பள்ளிக்கூடம்.
உள்ளறையில் என்னைத் தவிர யாருமில்லை.
குட்டி நாற்காலிகள். கரும்பலகையில்
ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்து.
மேசைமேல் கட்டுக்கட்டாய்ப் பட்டியல்கள்.
முதலில் எடுத்தது ரமோனுடையதை.
ஆமாம், எடுத்தேன்.
மடித்தும் பார்த்தேன்.
வாஷிங்டன் முகம் வாடுவதை நினைக்க
இனித்தது, வெட்கமில்லாமல் இனித்தது.

பிறகு,
வெளியே யாரோ இருமிய நேரத்தில்,
"தெரியாது" என்ற அந்தச் சொல் வந்தது.
வாஷிங்டன் பிறந்ததிலிருந்து
ஒருதரம்கூடச் சொல்லாத சொல்.
அவன் கத்துவது யாருக்காகவோ.
அவளை அவன் கேட்டதே இல்லை.

மடித்ததை நீவி
கட்டிலேயே திரும்ப வைத்தேன்.
எலிடாவின் தாளை உறையில் போட்டு
நாக்கால் ஒட்டினேன். பசை கசந்தது.

வாசல் தாண்டி, மூலை திரும்பினால்
அவன். இரு கையையும் விரித்து
"நம் ஓட்டு!" என்று கட்டிக்கொண்டான்.
பெட்டிக்குள் கைவிட்டு
திரும்ப எடுத்துவிடலாமா என்றிருந்தது.

பேசினான். பேசினான்.
என் முறைக்கான மாத்தே
அவன் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.
"அது மைக் இல்லை, வாஷிங்டன்.
குடித்துவிட்டுக் கொடு."

திகைத்து, குனிந்து, உறிஞ்சினான்.
ஒரு மிடறு நேரம்
ஊரில் சத்தமே இல்லை.
மறுபடி நீர் ஊற்றி நீட்டியபோது
கேட்டான், தணிந்த குரலில்:
"ஜெயிப்பாளா?"

தெரியாது என்றேன்.