ஒரே ஒரு மாணவி

புளியரை செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளின்
எடையை மனசுக்குள்ளேயே கூட்டிவிடுவாள் ஜெஸீமா.
ஒன்பது வயது.
சட்டைப் பித்தானுக்கு மட்டும்
துளை அகப்படாது.

வீடுதான் பள்ளி.
முதல் ரேங்கும் அவளே, கடைசியும் அவளே.
பக்கத்து பெஞ்ச் இல்லை.
கோட்டைத் தாண்டி விழும் எழுத்துக்கெல்லாம்
‘கவனமில்லை’ என்று
சிவப்பில் எழுதியவள் நான்.

பெருநாளன்று
மதினியின் ஐந்து வயது மகன்
பேசிக்கொண்டே ஷூ லேஸ் முடிந்தான்.
அவள் பார்த்தாள்.
அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

புனலூரில் ஒரு டாக்டர் பந்து எறிந்தார்.
நெஞ்சில் பட்டு உருண்ட பிறகுதான்
கைகள் சேர்ந்தன.
‘மடியல்ல’ என்றார் மலையாளத்தில்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்:
“அப்ப அந்தச் சிவப்பெல்லாம், உம்மா?”

ஆரியங்காவில் சாரல்.
ஜன்னல் ஷட்டரோடு அவள் மல்லுக்கட்ட,
கை நீட்டாமல் இருந்தேன்.
இருவரும் நனைந்தோம்.