இடது முன்கை

முந்நூற்று இருபத்தொன்பது சண்டை, ஒன்றில்கூடத் தோற்றதில்லை.
எழுபத்தெட்டில், மக்காவ் துறைமுகத்தில்,
ஒரு கப்பலின் அடித்தளத்தில்
கதவைப் பூட்டிக்கொண்டு நடத்திய போட்டியாம்.
பார்த்தவர்கள் வெளியே பேசக் கூடாதென்று சத்தியமாம்.
கிரிம்ஸ்பியில் இதைக் கேட்காத காது கிடையாது.
நம்பிய காதும் கிடையாது.

மீன் ஏலக் கூடத்துப் பையன்கள்
பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
"மாஸ்டர்" என்று இடுப்புவரை குனிவார்கள்.
நிமிரும்போது தோள் குலுங்கும்.
யாரோ கணக்குப் போட்டும் பார்த்துவிட்டார்கள்:
அந்த வருடம் முழுக்க கிளைவ் ஸ்கிரிம்ஷா
கிளீதோர்ப்ஸ் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

நேற்று என் எக்ஸ்ரே அறைக்கு வந்தார்.
பனியில் வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்திருக்கிறார்.
வயது எழுபத்தொன்று.
உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.
"இந்தக் கைகளைத் தவிர" என்றார்.
வெண்டி ப்ளான்ஷர்ட் தடுப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.
நானும்தான்.

வலது கை முதலில்.
வழுவழுவென்று, அடிபடாத முட்டிகள்.
ஓட்டையும் செங்கலையும் மனிதத் தாடையையும்
உடைத்த கை என்றால்
அந்த எலும்புகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு இடது.

மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே,
சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் ஒரு பழைய முறிவு.
யாரும் கட்டுப் போடவில்லை.
தானாகக் கூடி, கோணலாகவே இறுகியிருந்தது.
எட்டு வயதோ ஒன்பதோ இருக்கலாம் அப்போது.
இருபது வருடமாக எலும்பு பார்க்கிறேன்.
விழுந்தால் பெரும்பாலும் இந்த இடம் ஒடியாது.
முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கி
மேலிருந்து இறங்குகிற ஒன்றைத் தாங்கினால் ஒடியும்.

"இது எப்போ?" என்றேன்.
எதிராளியின் எடையை அவுன்ஸ் சுத்தமாகச் சொல்கிற மனிதர்,
கடைசி அடி விழுந்த நொடியைக்கூட மறக்காதவர்,
சட்டைக் கையை இழுத்து இறக்கினார்.
"மாடிப்படி."
அவ்வளவுதான். ஊர், தேதி, பேர், ஒன்றும் வரவில்லை.
பொத்தானைப் போட அவருக்கு நேரம் பிடித்தது.

இன்று மாலை மீன் வறுவல் கடை வரிசையில்
"என்ன, உள்ளே இரும்பா இருந்துச்சு?" என்றார்கள்.
நான் பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்றேன்.
கடையே வெடித்துச் சிரித்தது,
"இவளும் சத்தியம் பண்ணிட்டாடா!"

பொட்டலம் சுட்டது.
வினிகர் வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தேன்.