தன்மைப் பன்மை

வியாழன் மாலை ஆறு மணிக்குள்
வாட்ஸ்அப்பில் வந்துவிடும் அறவாழியின் பத்தி.
அறுநூறு சொல். மேலே ஒரு வணக்கம்,
கீழே ‘தலைப்பு உங்கள் விருப்பம்’.

சூளை அறவாழி என்றால்
பேசின் பிரிட்ஜ் வரை சுவர்களுக்குத் தெரியும்.
தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வெள்ளையடித்து
மூலையில் தேதி போட்டு இடம் பிடிப்பவர்.
வட்டம், பகுதி, மாவட்டத் துணை,
பிறகு ஒரு காலையில்
அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட
அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்.
எங்கள் பேப்பரில்தான் வந்தது, ஆறு வரி.
நான்தான் பிழை பார்த்தேன்.
பிழை ஒன்றும் இல்லை.

இப்போது ஆழ்வார்பேட்டையில் கண்ணாடிக் கதவு.
மூன்று கட்சிகளுக்கு வாக்குச்சாவடிக் கணக்கு
(பழைய கட்சியும் அதில் உண்டாம்,
ரசீது வேறு பெயரில்).
டீவியில் பெயருக்குக் கீழே ‘விமர்சகர்’.
முன்னால் சூளை போடாதீங்க என்று
ஒருமுறை போனில் சொன்னார்,
பல்வலிக்காரர் மாதிரி.

சுத்தமான எழுத்து. ஒற்றுகூட மிகாது.
நாலாவது பாரா தாண்டினால்தான்
கை தானாகப் போய்விடும்:
‘அன்று நாங்கள் தொகுதி கேட்டபோது’,
‘வடசென்னையில் எங்களுக்கு’.

எங்களுக்கு என்பதை அடித்து
அக்கட்சிக்கு என்று போடுவேன்.
வாரத்துக்கு மூன்று, நான்கு.
கூட்டணி பேசும் நாட்களில் பதினொன்றுகூட.
ஞாயிறு அச்சில் பார்த்திருப்பார்.
ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று வந்ததில் ஒன்றுமே இல்லை.
பிரிண்ட் எடுத்து இரண்டு தரம் படித்தேன்
சிவப்புப் பேனா திறந்தபடியே.
உடம்புக்கு ஏதாவதா சார் என்று
கேட்கலாமா என யோசித்து,
தலைப்பை மட்டும் வைத்து
அனுப்பினேன்.