ஆயிரத்து ஆறு

மே மாதம். காட்பாடியில் காலை பத்துக்கே
ஒர்க்‌ஷாப் தகரம் வெடிக்கத் தொடங்கிவிடும்.
பாய்லர் சூட் முதுகில் ஒட்டுகிறது.
எங்கள் கல்லூரியிலிருந்து கடல்
ரயிலில் போனால் இரண்டரை மணி நேரம்,
பாடத்திட்டத்தில் போனால் நான்கு வருடம்.

சாய்வுச் சோதனைத் தொட்டியில் தண்ணீர் இல்லை.
போர் வற்றிவிட்டதென்று
மோகனவேலு மூன்று நாளாகக் கைவிரித்தார்.
நான்காம் நாள் ஒரு லாரி வந்தது.
எந்தக் கிணறு என்று கேட்டால்
டிரைவர் பாலாற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.
அந்தப் பக்கம் மணல், டயர் தடம்,
சீமைக் கருவேலம், பாலம்.
பாலம் மட்டும்தான் ஆற்றை இன்னும் நம்புகிறது.

தொட்டி நிறைந்தது. மேலே மெல்லிய நுரை.
மாதிரிக் கப்பலை ஐந்து பேர் தூக்கி இறக்கினோம்.
ஒன்றே கால் மீட்டர் நீளம், சிவப்பு அடிவயிறு,
மூக்கில் போன பேட்ச் பெயிண்ட்டில் எழுதிய பெயர்:
எம்.வி. வெயிலூர்.

எடையை இடமிருந்து வலமாக நகர்த்தினால்
தூக்குக்குண்டு எவ்வளவு விலகும், அதுதான் பாடம்.
அதற்கு முன் டிராஃப்ட் படிக்க வேண்டும்.
ரோஸ்லின் குனிந்தாள்.
இருநூற்று நாற்பத்தெட்டரை.
கணக்கில் இருநூற்றைம்பது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.
கப்பல் ஒன்றரை மில்லிமீட்டர்
தூக்கிக்கொண்டு நின்றது,
சேலை நனையாமல் வாய்க்கால் தாண்டுகிறவள் மாதிரி.

எடைகளைச் சரிபார்த்தோம். பிழை இல்லை.
வெர்னியரைத் திட்டினோம்.
தண்ணீரைச் சந்தேகிக்க
கடைசியில்தான் தோன்றியது.
ஹைட்ரோமீட்டர் ஆடி அடங்கியது.
வெப்பத் திருத்தம் போட்ட பிறகும்
ஆயிரத்து ஆறு.

நல்ல தண்ணீர் ஆயிரம்.
கடல் ஆயிரத்து இருபத்தைந்து.
"சார், ஒரு ஆறு அதிகமா வருது" என்றேன்.
"ஊருக்கே ஒரு ஆறு குறைச்சல், இங்க அதிகமா?"
பின்னாலிருந்து யாரோ சொல்ல, லேப் சிரித்தது.
தன்வீர் சிரிக்கவில்லை.

அவன் வாணியம்பாடி.
அப்பாவுக்குத் தோல் மண்டியில் வேலை:
வந்திறங்கும் தோலை விரித்து
உள்பக்கம் உப்பு தேய்ப்பது.
விரலைத் தொட்டியில் நனைத்தான்.
நாக்கில் வைக்கவில்லை, முகர்ந்தான்.
"அப்பாவோட சட்டை" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

கணக்கையும் அவனே போட்டான்.
ஆறும் கடலும் கலக்கிற துறைமுகத் தண்ணீருக்கென்று
ஒரு திருத்தம் உண்டு,
போன செமஸ்டரில் மனப்பாடம் செய்தது.
தூத்துக்குடியிலோ கொச்சியிலோதான்
அது கைக்கு வரும் என்று நினைத்திருந்தோம்.
காட்பாடி மலையடியில் விடை பொருந்தியது,
தசமம் இரண்டு இடம் வரை.
விடை பொருந்தும்போது வருகிற சந்தோஷம் வந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சார் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ரெக்கார்டில் ஆயிரம் என்றே எழுதுங்கள்.
எக்ஸ்டர்னல் துருவித் துருவிக் கேட்பார்."
ரோஸ்லின் ஆயிரம் எழுதினாள். நானும்.
தன்வீர் தான் எழுதியதைக்
கையால் மறைத்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் மோகனவேலு
வடிகால் வால்வில் கை வைத்தார்.
"வேப்பங்கன்னுக்கு விடட்டுமா?"
"வேணாம்ணே, கருகிடும்."
"அப்போ எங்கதான் விட?"

பேலஸ்ட் பாடத்தில் தொண்ணூறு வாங்கியவர்கள் நாங்கள்.
ஒரு துறைமுகத்துத் தண்ணீரை
இன்னொரு துறைமுகத்தில் கண்டபடி கொட்டக் கூடாது.
எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது:
பேரேட்டில் இரண்டு கட்டம்.
முதல் கட்டத்துக்கே எங்களிடம்
ஒரு டிரைவரின் கைதான் இருந்தது,
மணல் பக்கம் நீண்டபடி.

ஐந்தரை பஸ் ஹாரன் அடித்தது.
யாரும் பையை எடுக்கவில்லை.
மோகனவேலு வால்விலிருந்து
கையை இன்னும் எடுக்கவில்லை.